வண்டிக்காகத் தூக்கிய கை

"கையைத் தூக்கினியேம்மா!"

"ஆமாப்பா."

"நான் பார்த்தேன். வாசல்லயே நின்னு பார்த்தேன். அத்தனை பேர்ல முதல் கை உன் கைதான்."

"மழை பலமா வருதுப்பா. குடையை விரிங்க."

"வரட்டும்மா. நனைஞ்சா கரைஞ்சா போயிடுவேன்?"

மழையென்றால் பயப்படுகிற மனிதர் அப்பா. பேருந்து ஓட்டுகிறவர். முன் கண்ணாடியில் நாலு துளி விழுந்தாலே வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவார். அன்றைக்கு அந்த மனிதர் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூத்த மகளின் தோளில் கை போட்டபடி, தெரு நெடுக ஈரமாகச் சிரித்துக்கொண்டே வந்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உங்கம்மா மட்டும் இருந்திருந்தா..." என்று தொடங்கி, அவள் தோளைத் தட்டினார்.

மூத்தவளுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. தெருமுனை வரட்டும் என்று பொறுத்தாள். பிறகு வீடு வரட்டும் என்று பொறுத்தாள். வீடும் வந்தது. அப்பா தட்டின் முன் உட்கார்ந்தார். சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன், கண்ணை மூடி ஜெபம் செய்தார்.

அதற்குப் பிறகு எதைச் சொல்வது?

எட்டு வருஷம் ஓடிவிட்டது. இன்னும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான். அன்றைக்கு ஜெபக்கூடத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் வந்திருந்தார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். ஒலிபெருக்கி கரகரத்தது. மழை வேறு கூரையில் கொட்டியது. "கர்த்தருக்குப் பின்னால முழுசா வர்றவங்க கையைத் தூக்குங்க" என்று மேடையில் அவர் கேட்டார். அதே நேரத்தில், ஆட்களை வீட்டில் இறக்கிவிடுகிற வண்டிக்குப் பொறுப்பான அக்கா, வரிசை வரிசையாகக் குனிந்து வந்து, "வண்டியில வர்றவங்க கையைத் தூக்குங்க" என்று கிசுகிசுத்தாள்.

இவள் தூக்கியது வண்டிக்கு.

கூடம் முழுக்க ஸ்தோத்திரம் முழங்கியபோதுதான் கண்ணைத் திறந்தாள். குடை கொண்டுவந்த அப்பா வாசலில் நின்றிருந்தார். அம்மாவை எடுத்துக்கொண்ட கடவுளின் வீட்டில் இனிக் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டிருந்த அப்பா. அவர் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தார். மகளின் தூக்கிய கையைப் பார்த்தபடியே வந்து, முன்வரிசையில் முழங்கால் போட்டார்.

கையைக் கீழே இறக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் ஊழியத்துக்குத் தன்னைக் கொடுத்த பெண். எல்லாரும் சொன்னார்கள். அவளும் இல்லையென்று சொல்லவில்லை.

கல்யாணம் வேண்டாமென்று கடவுள் பணிக்கே வாழ்கிற பெண்களின் ஊழிய இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று போன வாரம் தகவல் வந்தது. சனிக்கிழமை மாலை இல்லத்துப் பெரிய சிஸ்டர் வருவார். இரவு தங்குவார். ஞாயிறு காலை அவளை அழைத்துக்கொண்டு போவார்.

இன்று சனிக்கிழமை.

*

"உலகம் எங்கே? இன்னும் எழுந்திருக்கலையா?" அப்பா கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"உலகம் குளிச்சிட்டிருக்கு!" என்று குளியலறைக்குள்ளிருந்து பதில் வந்தது.

உலகம் என்பது சின்னவள். பெண்கள் அழகு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், பத்து விரலுக்கும் பத்து நிறம் பூசிக்கொண்டு வந்து நின்றாள். "உலகத்தையே வீட்டுக்குள்ள கொண்டுவந்துட்டாளே!" என்று அப்பா தலையில் கை வைத்தார். ஜெபக்கூடத்துப் பேச்சில் உலகம் என்றால் கடவுளை மறக்கவைக்கிற ஆசைகள். அன்று திட்டாக வந்தது இன்று செல்லப்பெயர். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட "உலகம் வேலைக்குப் போயாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

மூத்தவள் வழக்கம்போல எல்லாருக்கும் முன்னால் எழுந்திருந்தாள். விடியும் நேரத்துச் சமையலறை அவளுக்கு மிகவும் பிடித்த இடம். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, ஜன்னலோரம் நின்று கொஞ்ச நேரம் பேசுவாள். ஜெபக்கூடத்தில் கடவுளை எல்லாரும் 'நீர்' என்பார்கள். அடுப்படியில் அவளுக்கு அவர் 'நீங்க'.

இன்றும் கேட்டாள். "கடைசி நாள் வந்துடுச்சு. இப்பவாவது சொல்லுங்க. கூப்பிட்டது நீங்களா, வண்டி அக்காவா?"

பதில் வரவில்லை. ஆனால் அந்த மௌனம் அவளை ஒருநாளும் விரட்டியதில்லை. பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பது போன்ற மௌனம் அது. எட்டு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த சொத்து. அதை விட்டுவிட்டு இருக்கவும் அவளால் முடியாது. அதுதான் சிக்கலே.

மூத்தவள் அறைக்கு வந்து பயணப் பெட்டியை அடுக்கத் தொடங்கியபோது, சின்னவள் ஈரத்தலையோடு வந்து, அதன் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்கட்டா?"

"கேட்காதே."

"உன் கண்ணாடிக்காரர் என்ன சொன்னார்?"

"என் கண்ணாடிக்காரரா?"

"சரி, ஊர்க் கண்ணாடிக்காரர்."

"ஒண்ணும் சொல்லலை."

"சொல்லமாட்டார். அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சதெல்லாம் 'இது தெளிவா, அது தெளிவா'ன்னு கேட்கறது மட்டும்தான். ஆறு வருஷமா உன்னை வச்சுக் கடை நடத்தறார். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"மெதுவாப் பேசு. அப்பா காதுல விழும்."

"விழட்டும். நீ இந்த வீட்டை விட்டுப் போனா, அவர் என்னை ஜெபிச்சே கொன்னுடுவார். இப்ப அவருடைய ஜெபத்துல பாதி உனக்கு நன்றி சொல்றதுலயே போயிடுது. இனிமே முழுசும் என் மேலதான்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அக்காவின் மடித்துவைத்த உடை ஒன்றை எடுத்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். "ராத்திரி நீ இல்லாம எனக்குத் தூக்கம் வராது. தெரியுமில்ல?"

மூத்தவள் தங்கையின் ஈரத்தலையைத் துவட்டிவிட ஆரம்பித்தாள்.

அப்பா எட்டிப் பார்த்தார். சீருடை போட்டிருந்தார். சவரம் செய்த கன்னம் பளபளத்தது. "நாளைக்கு லீவு சொல்லிட்டேன். என் பஸ்ஸையே எடுத்துட்டுப் போய் உன்னை அங்க இறக்கிவிடட்டுமான்னு டிப்போவுல கேட்டேன். எல்லாரும் சிரிக்கிறானுங்க."

"கேட்டீங்களாப்பா நிஜமா?"

"கேட்டா என்னம்மா? என் மகள் போற இடம் அப்படி."

*

கண்ணாடிக் கடையின் பின்கட்டில் அவளுடைய மேசை. மேசைமேல் ஒரு சின்னச் சூட்டுச் சட்டி. அதில் கடுகளவு கண்ணாடி மணிகள் சூடேறிக் கிடக்கும். கண்ணாடிச் சட்டத்தின் பிளாஸ்டிக் காதுக்கம்பியை அதற்குள் புதைத்தால் கொஞ்ச நேரத்தில் இளகும். எடுத்து, ஆளின் காதுக்கு ஏற்ப வளைக்க வேண்டும். பிறகு மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் இரண்டு விரலால் தடவி, எங்கே அழுத்துகிறது என்று பார்க்க வேண்டும். ஆறு வருஷத்தில் ஊரில் பாதிப் பேரின் காது அவளுக்குப் பழக்கம்.

"ஏம்மா, நீ போயிட்டா என் காதை யார் பார்க்கறது?" என்று வாடிக்கைக்கார அம்மாள் ஒருவர் அங்கலாய்த்தார்.

"வலது காது கொஞ்சம் இறக்கம்னு சார்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்மா."

"அவருக்கு லென்ஸ்தான் தெரியும். காது உனக்குத்தான் தெரியும்." அந்த அம்மாள் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

உச்சிவெயில் நேரம். கடையில் ஆளில்லை. கண்ணாடிக்காரர் எதிர் மேசையில் குனிந்து ஒரு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தக் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. புறங்கையால் மேலே தள்ளினார். மறுபடி இறங்கியது. மறுபடி தள்ளினார்.

"குடுங்க சார்."

"எதைங்க?"

"உங்க கண்ணாடியை. வர்றவங்களுக்கெல்லாம் சரி பண்ணிக் குடுத்துட்டு நீங்க மட்டும் தள்ளிக்கிட்டே இருக்கீங்க."

"பழகிப்போச்சுங்க."

"நாளையிலேர்ந்து சொல்ல ஆளிருக்காது. குடுங்க."

கழற்றிக் கொடுத்தார். மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்த தடம். கண்கள் எதையும் பற்றிக்கொள்ளாமல் அலைந்தன. கனத்த லென்ஸ் போட்டவர். அது இல்லையென்றால் நாலடி தள்ளி இருப்பது சுவரா ஆளா என்று தெரியாது.

"இப்ப என்ன சார் தெரியுது?"

"வெள்ளையா ஒண்ணு தெரியுது. நீங்கன்னு நினைக்கிறேன். ஜன்னலாவும் இருக்கலாம்."

அவள் சிரித்துவிட்டாள். காதுக்கம்பியை மணிகளுக்குள் புதைத்தாள்.

"இப்பவே ஒண்ணு சொல்லிடறேங்க" என்றார் அவர். "உங்க முகம் தெரிஞ்சா என்னால முடியாது."

அவள் கை அப்படியே நின்றது.

"நீங்க வேற கடைக்கு வேலைக்குப் போறதா இருந்தா, போகாதீங்கன்னு சொல்லியிருப்பேன். வேற யாரையாவது கட்டிக்கப் போறதா இருந்தா, அந்த ஆளை ஒரு தடவை போய்ப் பார்த்துட்டாவது வந்திருப்பேன். நீங்க கடவுள் கூப்பிட்டுப் போறீங்க. அவர்கிட்ட போய் நான் என்ன பேசறது? எனக்கு அவரோட அவ்வளவு பழக்கமும் இல்லை."

வெளியே தெருவில் ஒரு வண்டி பின்னோக்கி வரும் ஓசை கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அவர் கூப்பிடலை சார்."

"என்னங்க?"

சொன்னாள். ஜன்னலையோ அவளையோ பார்த்துக்கொண்டிருந்த அந்த மங்கலான கண்களைப் பார்த்து, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். மழை, ஒலிபெருக்கி, கிசுகிசுப்பு, கை.

"வண்டிக்கா?"

"வண்டிக்குத்தான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "அந்த வண்டி என்னாச்சு?" என்று கேட்டார்.

"அது போயிடுச்சு. நான் அப்பாவோட நனைஞ்சுக்கிட்டே நடந்து வந்தேன்."

சிரிப்பு அவர் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. "வீட்ல சொல்லிடுங்க. ஒரு வார்த்தைதானே?"

"என் கையைப் பார்த்துட்டுத்தான் சார் அப்பா உள்ள வந்தார். கை பொய்யின்னா, அவர் வந்தது என்ன ஆகும்?"

அவர் கையிலிருந்த லென்ஸைத் தடவி மேசைமேல் வைத்தார்.

"அது மட்டுமில்லை" என்றாள். "இத்தனை வருஷத்துல எனக்கு அவரைப் பிடிச்சுப்போச்சு."

"யாரை?" அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"கடவுளைத்தான் சார்."

"ஓ."

"அவர் கூப்பிட்டா நான் போவேன். அதுல சந்தேகமே இல்லை. ஆனா இப்ப என்னைப் போகச் சொல்றது அவரா, அப்பாவா, ஊர் வாயா... அதுதான் எனக்குத் தெரியலை."

"நான் இருங்கன்னு சொன்னா, அது யார் சொல்றதுன்னாவது உங்களுக்குத் தெரியுமில்லையா?"

கம்பி அளவுக்கு மீறி இளகியிருந்தது. இதுவரை அவள் கையில் அப்படி ஆனதில்லை. ஊதி ஊதி ஆற்றி, விரலால் வழிக்குக் கொண்டுவந்தாள். அவர் முன்னால் போய் நின்றாள். மாட்டிவிட்டாள். காதுக்குப் பின்னால் இரண்டு விரல் வைத்துப் பார்த்தாள். ஊரில் பாதிப் பேரின் காது தெரிந்த விரல்களுக்கு இந்தக் காது இன்றுதான் அறிமுகம்.

அவருக்கு அவள் முகம் தெரிந்தது. கேட்டதை அவர் திருப்பிக் கேட்கவில்லை.

"இறுக்குதா சார்?"

"இல்லைங்க. சரியா இருக்கு."

மேசைக்குத் திரும்பிக் குனிந்தார். கண்ணாடி இறங்கவில்லை. பழக்கத்தில் புறங்கை மேலே போய், வேலையில்லாமல் திரும்பியது. அவரிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தக் கடையின் வெளிச்சத்தை, லென்ஸ் தேய்க்கும் சத்தத்தை, எதிர் மேசையில் குனிந்திருக்கும் அந்தத் தலையை, கண் வலிக்கும் வரை பார்த்துவிட்டுக் கிளம்பினாள்.

*

பெரிய சிஸ்டர் மாடிப்படி ஏறி வந்து வாசலிலேயே நின்று மூச்சு வாங்கினார். "இத்தனை படி ஏறினதுக்குப் பரலோகமே வந்திருக்கணும். உங்க வீடுதான் வந்திருக்கு, பிரதர்."

"ஸ்தோத்திரம் சிஸ்டர், வாங்க வாங்க. உலகம், நாற்காலி கொண்டாம்மா!"

பெரிய சிஸ்டர் திடுக்கிட்டுப் பார்த்தார். "என் பேரே அதுதான் சிஸ்டர்" என்று சின்னவள் நாற்காலியைப் போட்டாள். பெரிய சிஸ்டருக்குச் சிரிப்பு வந்து, முழங்கால் வலியோடு சேர்ந்து, உட்காருவதற்குள் படாத பாடு பட்டார்.

தேநீர் வந்தது. பெட்டியை அப்பா கூடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்திருந்தார். அதைக் காட்டினார். பிறகு, எதிர்பார்த்தது போலவே, சாட்சி சொல்ல ஆரம்பித்தார்.

ஜெபக்கூடத்தில் ஒருவர் தம் வாழ்க்கையில் நடந்ததை எழுந்து சொல்வதற்குப் பெயர் சாட்சி. மூத்தவளின் சாட்சியை அவள் ஒருமுறையும் சொன்னதில்லை. எப்போதும் அப்பாதான் சொல்வார். ஒவ்வொரு முறையும் அந்தக் கை கொஞ்சம் உயரும். இப்போதெல்லாம் மழை நின்றுவிடுகிறது, மேகம் விலகிவிடுகிறது, வெளிச்சம் ஒன்று நேராக அவள் விரல் நுனியில் வந்து இறங்குகிறது.

"...அந்தக் கையைப் பார்த்தேன் சிஸ்டர். என் பொண்ணே போறா, எனக்கு என்ன வீம்புன்னு செருப்பைக் கழட்டினேன். அன்னைக்கு உள்ள வந்தவன்தான்." அப்பாவின் கண் கலங்கியிருந்தது. இந்த இடத்தில் எப்போதும் கலங்கும். அது மட்டும் ஒருமுறையும் கூடியதில்லை, குறைந்ததில்லை.

பெரிய சிஸ்டர் தேநீரை முழுக்கக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். "ரொம்ப சந்தோஷம் பிரதர். ஆனா இது உங்க சாட்சி. அவளுடையது?" என்று மூத்தவள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. உன்னை எப்படிக் கூப்பிட்டார்?"

கதவோரம் நின்றிருந்த மூத்தவள் ஓரடி முன்னால் வந்தாள். அப்பா அவளைப் பார்த்துத் தலையசைத்தார். சொல்லும்மா, சொல்லு.

"நான் வண்டிக்குக் கை தூக்கினேன் சிஸ்டர்."

"என்னது?"

"வீட்டுக்குப் போற வண்டிக்கு. வண்டி அக்கா பின்னாலேர்ந்து கேட்டாங்க. மேடையில அவர் கேட்டது எனக்குக் காதுலயே விழலை."

சின்னவளிடமிருந்து ஒரு சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"விளையாடாதேம்மா" என்றார் அப்பா.

"விளையாடலைப்பா."

"நான் கண்ணால பார்த்தேன்."

"நீங்க பார்த்தது என் கையைத்தான்ப்பா. எதுக்குத் தூக்கினேன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்."

அப்பா எழுந்தார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் பெட்டியருகே போனார். அதன் பிடியைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தார். "எட்டு வருஷம். ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"அன்னைக்கே சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க சாப்பாட்டுக்கு முன்னால கண்ணை மூடினீங்க. எனக்கு வாய் வரலை."

"அப்ப இத்தனை நாள் ஜெபம்? உபவாசம்? அதெல்லாம் எனக்காக நடிச்சியா?"

"இல்லைப்பா!" அவள் குரல் உயர்ந்தது. "அது ஒண்ணுதான் என்னுடையது. அதை நடிப்புன்னு மட்டும் சொல்லாதீங்க."

பெரிய சிஸ்டர் கைகளை மடியில் கோத்துக்கொண்டார்.

"கடையில யாராவது ஏதாவது சொன்னாங்களா?" அப்பாவின் குரல் தாழ்ந்திருந்தது. "உலகம் இழுக்குதாம்மா உன்னை?"

அவள் பொய் சொல்லவில்லை. "இழுக்குதுப்பா. இந்தப் பக்கம் கடவுளும் இழுக்கறார். ரெண்டும் நிஜம்தான்."

அப்பா நாற்காலியைத் தேடி, கிடைக்காமல், பெட்டியின் மேலேயே உட்கார்ந்தார். பேருந்தை ஓட்டி ஓட்டிக் காய்த்துப்போன கைகள் முழங்கால்மேல் கிடந்தன. "இப்ப நான் என்ன செய்யணுங்கறே? போகலைன்னு சொல்றியா?"

"போகலைன்னு சொல்லலை. போறேன்னும் சொல்லலை." மூத்தவள் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ விடியல்களில் ஜன்னலோரம் நின்று கடவுளிடம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். அங்கே சொல்வது சுலபமாக இருந்தது. "எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும்பா. எல்லாரும் என்னைப் பார்த்து சந்தோஷப்பட்டீங்க, ஜெபிச்சீங்க, பெட்டி வாங்கினீங்க. யாருமே என்கிட்ட கேட்கலை. நான் என்ன சொன்னாலும் நீங்க ஜெபக்கூடத்தை விட்டு வெளியே போகமாட்டேன்னு முதல்ல எனக்கு வாக்குக் குடுங்க. குடுத்துட்டு, 'உனக்குப் போகணுமாம்மா'ன்னு ஒரு தடவை என்னைக் கேளுங்கப்பா."